நடந்தது ஐந்து கிலோமீட்டர்... எரிந்தது எவ்வளவு?

பட்டாபிராம் டைடல் பூங்காவின் 21 மாடிகளையும் லிஃப்ட் பக்கமே போகாமல் படியேறிக் கடந்தால் எத்தனை கலோரி எரியும்? 2024 நவம்பரில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு எண்ணை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். முன்னூறு? ஐந்நூறு?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏறுகிறவரின் எடை 70 கிலோ, ஒரு மாடி நான்கு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த உயரம் 84 மீட்டர். அந்த உடலை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல், பள்ளிக்கூடத்து இயற்பியல்படி, 14 கலோரி. ஆனால் நம் தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் வேலையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வெப்பமாகப் போய்விடுகிறது. அதையும் சேர்த்தால் 55 முதல் 70 கலோரி. அவ்வளவுதான். மூச்சு வாங்க உச்சிக்குப் போய், இறங்கி வந்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஒன்று குடித்தால் கணக்கு நேராகிவிடும். பத்து கிராம் சர்க்கரைக்கு 40, பாலுக்கு 35 என்று அந்த டீயே 75 கலோரி வரும்.

(நாம் பேச்சில் கலோரி என்று சொல்வதெல்லாம் கிலோகலோரிதான். இந்தக் கட்டுரையிலும் அப்படியே.)

நினைத்த எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் எடை குறைப்பு முயற்சிகள் பலவும் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. காலை ஐந்தரைக்கே எழுந்து சேக்காடு, தண்டுரை தெருக்களில் வேர்க்க விறுவிறுக்க நடக்கிறவர்கள், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நாலு சுற்று வருகிறவர்கள், ஆவடி ஜிம்மில் ட்ரெட்மில்லை விடாமல் மிதிக்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரே புலம்பல்: "மூணு மாசமா வாக்கிங் போறேன் சார், ஒரு கிலோகூட இறங்கல." சோம்பேறிகள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. பிரச்சினை கணக்கில் இருக்கிறது.

இது நாலு பேரின் கவலை மட்டும் இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். அதுவும் பி.எம்.ஐ. 25ஐ எல்லையாக வைத்து எடுத்த கணக்கு. இந்தியர்களுக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது என்பது நம் மருத்துவர்களின் நிலைப்பாடு. அந்த அளவுகோலை வைத்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும்.

கையில் கட்டியிருக்கும் ஜோசியர்

நடை முடிந்ததும் டீக்கடை ஓரத்தில் நடக்கும் உரையாடல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"எவ்வளவுண்ணே காட்டுது?"

"நானூத்திப் பன்னிரண்டுப்பா."

"அப்புறம் என்ன, ரெண்டு வடை சொல்லுங்க!"

இந்த 412 எங்கிருந்து வந்தது? ஸ்மார்ட் வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை. இதற்காக அது அளப்பது முக்கியமாக இரண்டைத்தான். கையின் அசைவை ஒரு சென்சார் கவனிக்கிறது. பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து நாடித்துடிப்பை இன்னொன்று எண்ணுகிறது. பிறகு உங்கள் வயது, எடை, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து, கம்பெனிக்காரர்கள் வெளியே சொல்லாத ஒரு சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணைத் துப்புகிறது. நாடித்துடிப்பு வரை அறிவியல், அதற்கு மேல் ஊகம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் இதைச் சோதித்தார்கள். ஆப்பிள், ஃபிட்பிட், சாம்சங் உள்ளிட்ட ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேருக்குக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டார்கள். கூடவே அவர்கள் மூச்சுக்காற்றை அளந்து உண்மையான ஆற்றல் செலவையும் கணக்கெடுத்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. கலோரியில்? இருப்பதிலேயே துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு வாட்சுகள் எத்தனையோ மாடல் மாறிவிட்டன. ஆனால் நாடியையும் அசைவையும் வைத்துக் கலோரியை ஊகிக்கிற அடிப்படை மாறவில்லை.

இதில் சென்னையின் வெயில் வேறு சேர்ந்துகொள்கிறது. மே மாதக் காலையில் ஏழு மணிக்கே புழுக்கம். உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்பியாக வேண்டும், அதனால் துடிப்பு எகிறுகிறது. டிசம்பரில் நடந்த அதே தூரம், அதே வேகம், தசைகள் செய்த அதே வேலை. வாட்சோ 'இவர் இன்று கடுமையாக உழைத்தார்' என்று முடிவு கட்டிவிடுகிறது. சட்டையைப் பிழிந்தால் சொட்டும் வேர்வையும் இப்படித்தான் ஏமாற்றும். மெஷினில் ஏறினால் அரை கிலோ குறைந்திருக்கும். அது தண்ணீர். ஒரு சொம்பு குடித்ததும் திரும்பிவிடும்.

ட்ரெட்மில் மட்டும் ஒழுங்கா என்றால், அது இன்னும் மோசம். எடையைக் கேட்காத மெஷின் யாரோ ஒருவரின் எடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. கேட்கிற மெஷினுக்கும் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உடல் பாரத்தில் ஒரு பங்கைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. திரையில் ஓடும் எண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கம்பியை விட்டுவிட்டு நடக்க முடியாத வேகத்தை வைப்பது வீண் வேலை என்பது என் கருத்து.

கழிக்க மறந்த எழுபது

வாட்சை ஓரம் வைத்துவிட்டுக் காகிதத்தில் போட்டால் என்ன வரும்? உடற்பயிற்சி அறிவியலில் 'மெட்' என்றோர் அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் செலவழிக்கும் ஒரு கலோரிதான் ஒரு மெட். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மெட் என்று 1993ல் அமெரிக்காவில் பார்பரா எய்ன்ஸ்வொர்த் குழு ஒரு பெரிய பட்டியல் போட்டது. திருத்தித் திருத்தி இன்றுவரை அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேக நடைக்கு ஏறக்குறைய மூன்றரை மெட். 70 கிலோக்காரர் ஒரு மணி நேரம் நடந்தால் 245 கலோரி.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் நடக்காமல் வீட்டில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் 70 கலோரி செலவாகியிருக்குமே! மூச்சு விட, இதயம் துடிக்க, மூளை ஓட என்று உடல் தன்பாட்டுக்குச் செலவழிப்பது அது. அன்றாடத் தேவையைக் கணக்கிடும்போது இது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. நடையால் கூடுதலாகச் செலவானது 245 அல்ல, 175தான்.

இதிலிருந்து எளிய சூத்திரம் ஒன்று கிடைக்கிறது. உங்கள் எடையைக் கிலோவில் எடுத்து, நடந்த கிலோமீட்டரால் பெருக்கி, இரண்டால் வகுங்கள். 80 கிலோ, நான்கு கிலோமீட்டர்: 160. சாதாரண வேக நடைக்கு இது போதும். தெருவின் ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்தாற்போல் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனாலும் எந்த வாட்சையும்விட யோக்கியமான கணக்கு இது. ஓட்டத்துக்கு இரண்டால் வகுக்க வேண்டாம், எடையைத் தூரத்தால் பெருக்கினால் ஏறக்குறைய மொத்தச் செலவு வந்துவிடும். போலீஸ் வேலைக்குத் தயாராகும் நம் பகுதிப் பையன்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும் அல்லவா? நாக்குத் தள்ளும் அந்த ஓட்டத்தில் 65 கிலோ இளைஞருக்குச் செலவாவது நூறு கலோரிக்கும் சற்றுக் குறைவு.

கைபேசி ஆப்களில் இன்னொரு ஓட்டை உண்டு. பதிவு செய்யும்போதே 'நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பு?' என்று ஆப் கேட்கும். 'மிதமான சுறுசுறுப்பு' என்று தட்டிவிடுவோம். தினமும் நடக்கிறோமே என்ற நினைப்பு. அந்தப் பதிலுக்காகவே அன்றாடத் தேவையில் சில நூறு கலோரியைக் கூட்டிப் போட்டுவிடும். பிறகு வாட்சையும் அதனோடு இணைத்தால், அதே நடை மறுபடியும் வரவாகிறது. ஒரு நடைக்கு இரண்டு சம்பளம்! நடையைத் தனியாகப் பதிவு செய்கிறவர்கள் அந்தக் கேள்விக்கு 'உட்கார்ந்த வேலை' என்றே பதில் சொல்லட்டும். டைடல் பூங்காவில் கம்ப்யூட்டர் முன் எட்டு மணி நேரம் இருப்பவருக்கு அதுதான் உண்மையும்கூட.

குன்னூரில் பிறந்த பட்டியல்

செலவுக் கணக்கு இப்படி ஆட்டம் காண்கிறது. சாப்பாட்டுக் கணக்கு ஓரளவு பரவாயில்லை, அதற்குக் காரணம் நம் நீலகிரி. 1918ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு ஆய்வகத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமானது. அங்கே இயக்குநராக இருந்த வாலஸ் அய்க்ராய்டு, இந்திய உணவுகளில் என்ன இருக்கிறது என்று அளந்து 1937ல் ஒரு கையேடு வெளியிட்டார். அரிசி, பருப்பு, கீரை, கிழங்கு எதில் எவ்வளவு என்று நாம் எண்ணால் பேசத் தொடங்கியது அதிலிருந்துதான். 1958ல் ஆய்வகம் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1971ல் கொண்டுவந்த உணவுப் பட்டியல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூல். 2017ல் 528 உணவுப் பொருள்களோடு புதிய பட்டியல் வந்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டு அளந்தவையும் பெரும்பாலும் சமைக்காத பொருள்கள்தான். கடை வடை எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று யாரும் அளப்பதில்லை. எண்ணெய் கிராமுக்கு ஒன்பது கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 125. 70 கிலோக்காரர் அதை நடந்து தீர்க்க மூன்றரைக் கிலோமீட்டர் போக வேண்டும். டீக்கடையில் '412' காட்டிய அண்ணனுக்கே வருவோம். அவரும் 70 கிலோ, நடந்தது ஐந்து கிலோமீட்டர் என்றால் உண்மையான கூடுதல் செலவு 175. வடை ஒன்று நூறு என்று குறைத்துப் போட்டாலும் இரண்டுக்கு 200, டீ 75. நடக்காமல் படுத்துத் தூங்கியிருந்தால் நூறு கலோரி மிச்சம்!

இதுவே எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யும். தினம் அரை லிட்டர் பால் வாங்கும் ஒருவர் 4.5 சதவீதக் கொழுப்புப் பாலை விட்டு 3 சதவீதப் பாலுக்கு மாறினால் சுமார் 70 கலோரி குறையும். 70 கிலோக்காரருக்கு அது இரண்டு கிலோமீட்டர் நடை, செருப்பை மாட்டாமலே.

உடம்பு சும்மா இருக்குமா?

மனிதர்கள் இந்தக் கணக்கில் எவ்வளவு தூரம் தவறுகிறார்கள் என்று கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் 2010ல் பார்த்தார்கள். ட்ரெட்மில்லில் நடக்க வைத்து, எவ்வளவு எரிந்திருக்கும் என்று கேட்டபோது உண்மையைப் போல மூன்று, நான்கு மடங்கு சொன்னார்கள். எரித்த அளவுக்கு மட்டும் எடுத்துச் சாப்பிடுங்கள் என்று உணவு மேசைக்கு அனுப்பினால், இரண்டு மூன்று மடங்கு சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் சரியான எடை உள்ளவர்கள். இதற்கும் முன்பே, 1992ல், 'எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை' என்று சொன்ன சிலரை நியூயார்க்கில் ஆராய்ந்தார்கள். அவர்கள் உடலில் எந்தக் கோளாறும் இல்லை. சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும் உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல, அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

மனம் இப்படியென்றால் உடலுக்குத் தனித் தந்திரம் இருக்கிறது. 1,754 பேரின் அளவீடுகளை அலசி 2021ல் வந்த ஆய்வு ஒன்று, உழைப்பில் கூடுதலாகச் செலவாகும் ஆற்றலில் சராசரியாக 28 சதவீதத்தை உடல் வேறு இடத்தில் சிக்கனம் பிடித்து ஈடுகட்டிக்கொள்கிறது என்று கண்டது. வாக்கிங் போய் வந்த நாளில் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் பிள்ளையை அனுப்புகிறோமே, அதுவும் ஒரு வகைச் சிக்கனம்தான். நமக்கே தெரியாமல் உள்ளுறுப்புகளும் செய்கின்றன.

ஆகவே அந்த 175, கடைசியில் 125 ஆகிறது. வாரம் ஆறு நாள், நான்கு வாரம் என்றால் 3,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. மாதம் முழுக்க ஒழுங்காக நடந்து, சாப்பாட்டில் ஒரு கவளமும் கூட்டாமல் இருந்தால், குறைவது 400 கிராம். எடை இறங்க இறங்க அதே தூரத்துக்கு ஆகும் செலவும் இறங்கும். 'ஒரே மாதத்தில் பத்துக் கிலோ' என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

அப்படியானால் எதை நம்புவது?

வீட்டு எடை மெஷினையும் தையல் டேப்பையும். காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, காபி குடிப்பதற்கு முன் எடை பார்க்க வேண்டும். ஒரு நாள் எடையை மட்டும் வைத்துச் சந்தோஷமோ துக்கமோ பட வேண்டாம். முந்தைய இரவு ஊறுகாயும் அப்பளமும் கூடுதலாகப் போயிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து ஒரு கிலோ ஏற்றிக் காட்டும். மாதவிடாய் நாள்களையொட்டிப் பெண்களுக்கு இந்த ஏற்றம் இன்னும் அதிகம். ஏழு நாள் எடையைக் கூட்டிச் சராசரி எடுத்து, இந்த வாரச் சராசரியை அடுத்த வாரத்தோடு ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை வாரம் ஒருமுறை குறியுங்கள். நான்கு வாரம் கழித்து இரண்டும் அசையவில்லை என்றால், உங்கள் வாட்சும் ஆப்பும் என்ன சொன்னாலும், சாப்பிடுவதும் செலவழிப்பதும் சமமாக இருக்கிறது என்று பொருள். தட்டில் கொஞ்சம் குறைக்க வேண்டும், அல்லது தூரத்தைக் கூட்ட வேண்டும். முதல் வழி சுலபம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைக்க ஒரு நொடி போதும், அதை நடந்து தீர்க்க முக்கால் மணி நேரம் வேண்டும்.

உடற்பயிற்சிக் கலோரியை உணவுக் கணக்கில் வரவு வைக்கவே வைக்காதீர்கள் என்பதுதான் என் முடிவு. நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவருக்கோ மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறவருக்கோ இது பொருந்தாது, அவர்கள் உழைப்புக்கு ஏற்பச் சாப்பிட்டே ஆக வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு யூனிட் ரயில் பிடித்து வேலைக்குப் போகும் நமக்கு நன்றாகவே பொருந்தும்.

இவ்வளவு சொன்ன பிறகு, 'நாலு கிலோமீட்டருக்கு ஒரு வடைதானா? அப்புறம் எதுக்கு நடக்கணும்?' என்று செருப்பைக் கழற்றி வைப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சென்னையிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு பதில் வைத்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை. இன்னொரு பிரிவினருக்கு உணவு மாற்றத்தோடு, உட்கார்ந்தே இருப்பவர்கள் தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும் என்ற விடாத கண்காணிப்பு. மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, இரண்டாவதில் 39.3 சதவீதம் பேருக்கு. 2006ல் வெளியான இந்த முடிவில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பது! எடை மெஷின் அசையாதபோதும் உள்ளே சர்க்கரையைத் தசைகள் வாங்கிக்கொள்ளும் திறன் மாறியிருக்கிறது. எந்த வாட்சும் இதை எண்ணிக் காட்டாது.

அதே 2006ல் வெளியான இன்னொரு செய்தி, சென்னையின் மேற்கே இருக்கும் நமக்கு இன்னும் நெருக்கமானது. அண்ணா நகரை ஒட்டிய ஆசியாட் காலனியில் டாக்டர் வி. மோகன் குழு நீரிழிவு பற்றிய கணக்கெடுப்பும் விழிப்புணர்வும் நடத்தியது. அதைக் கேட்ட காலனிவாசிகள் தாங்களே பணம் திரட்டி நடைப்பயிற்சிக்கு ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள். நடக்க இடம் இருந்தால் மக்கள் நடப்பார்கள். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று யாருக்குப் போதும்? பட்டாபிராமிலிருந்து பஸ் ஏறிப் போயா தினமும் நடக்க முடியும்? லாரியும் தண்ணீர் டேங்கரும் உரசாமல் நடந்துபோக ஒவ்வொரு வார்டிலும் ஒரு கிலோமீட்டர் நடைபாதை வேண்டும். ஆவடி மாநகராட்சியிடம் கேட்டுப் பெற வேண்டியது அது.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நடையைத் திடீரென்று கூட்டினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சட்டைப்பையில் இரண்டு மிட்டாயோடு கிளம்புங்கள். மற்றவர்கள் நாளைக் காலையே வாட்சில் கலோரி காட்டும் திரையை அணைத்துவிட்டுத் தூரத்தை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நான்கு வாரத்துக்குப் பிறகு அந்த நோட்டையும் இடுப்பு டேப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வடையைப் பற்றி முடிவு செய்யுங்கள்.